மகன் பள்ளிப் பையில் வேப்: அப்பாவிடம் சொல்வதா, பள்ளியில் சொல்வதா?

பிறை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, நான் எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூத்தவன் படிவம் 3 படிக்கிறான், 15 வயது. நேற்று பையைத் துவைக்கக் கவிழ்த்தபோது பென்சில் பெட்டிக்குள் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று இருந்தது. மூடியை இழுத்தேன், வரவில்லை. ஒரு முனையில் சின்ன ஓட்டை. மூக்கருகே கொண்டுபோனால் லைச்சி பழ வாசம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது வேப், அதாவது மின்சிகரெட். மூன்று மாதமாக அவன் அறையில் இதே வாசம்தான். உடம்புக்கு அடிக்கிற ஸ்ப்ரே என்று நினைத்து, "பையன் இப்பல்லாம் சுத்தமா இருக்கான்" என்று தங்கச்சியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அவனிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வியாழக்கிழமை வருவார். அவருடைய அண்ணன் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் குடி, சிகரெட் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் மாறிவிடும். பையன் மேல் கை வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் சொன்னால் அவன் பெயரில் கரும்புள்ளி விழுமோ என்று அது ஒரு பயம். சொல்லாமல் நானே பேசித் திருத்திவிடலாமா? இது சிகரெட் அளவுக்கு மோசமில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:

சகோதரி, தயவுசெய்து மறைக்காதீர்கள். நாளைக் காலையிலேயே கட்டொழுங்கு ஆசிரியரிடம் போங்கள். அவன் ஒருவனுக்கு மட்டும் விற்றிருக்க மாட்டார்கள், அந்தப் பள்ளியிலேயே இருபது பேரிடம் இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் நம் மலேசியாவில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆவது சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் விற்பது குற்றம். சட்டத்தைப் போட்டுவிட்டார்கள், புகார் செய்ய ஆளில்லை. எல்லாத் தாய்மாரும் "என் பிள்ளை பேர் கெட்டுடும்" என்று உட்கார்ந்தால் விற்பவனுக்குத்தான் கொண்டாட்டம்.

அப்பா இரண்டு அடி போட்டால் போடட்டும். அடியாத மாடு படியாது. நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்.

ஆலோசக ஆசிரியை:

22 ஆண்டுகளாகப் பள்ளியில் இருக்கிறேன், அதில் 14 ஆண்டுகள் ஆலோசகப் பிரிவில். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவுக்கு. நீங்கள் தனி ஆள் இல்லை. சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் 2017இல் சிகரெட் பிடிப்பவர்கள் 13.8 விழுக்காடு, 2022இல் 6.2 விழுக்காடு. இதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே ஐந்து ஆண்டுகளில் வேப் 9.8 விழுக்காட்டிலிருந்து 14.9ஆக ஏறிவிட்டது. ஏழு பிள்ளைகளில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளிடம் 2.8ஆக இருந்தது 6.2ஆகிவிட்டது. முன்பெல்லாம் கழிப்பறையில் புகை நாற்றம் வந்தால் நாங்கள் ஓடுவோம். இப்போது பெண்கள் கழிப்பறையில் தர்பூசணி வாசம் வருகிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

செந்தூல் அண்ணன் சொல்வது போலக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனால் என்ன நடக்கும்? பொருளைப் பறிமுதல் செய்வார்கள். பெற்றோருக்குக் கடிதம் வரும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்றால் இடைநீக்கம். நான் பார்த்ததில் மிக ஆபத்தான நாட்கள் அந்த இடைநீக்க நாட்கள்தான். அப்பா வேலைக்குப் போய்விடுவார், அம்மா வேலைக்குப் போய்விடுவார். பையன் காலை பத்து மணிக்கு அடுக்குமாடியின் கீழே வந்து உட்காருவான். அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? ஏற்கனவே பள்ளியை விட்டவர்கள்தான். மோட்டார் சைக்கிள் தருவார்கள், பசியாறல் வாங்கித் தருவார்கள், "உன்னை ஏன்டா துரத்துனாங்க?" என்று அன்பாகக் கேட்பார்கள். வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பி வருகிறவன் வேறு ஆளாக வருகிறான். சிலர் வருவதே இல்லை.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கே உரியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை, டீச்சருக்கு அவன் பெயர் தெரியும், அவன் தம்பி பெயர் தெரியும், அவன் அம்மா எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பதும் தெரியும். அங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்கு, மலாய் பழக்கும் புகுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்றுக்கோ வருகிறான். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளி. மலாய் சரளமாக வராது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று பின்வரிசைக்குப் போகிறான். அந்தப் பின்வரிசையில் அவனைச் சேர்த்துக்கொள்கிற கூட்டத்தின் நுழைவுச் சீட்டு முன்பு சிகரெட், இப்போது வேப். நான் விசாரித்த பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் இழுப்பைப் படிவம் ஒன்றில் இழுத்திருக்கிறார்கள். "புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டால் "இல்ல டீச்சர், இருமல் வந்துச்சு" என்பார்கள். பிறகு ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

எனவே அம்மா, பள்ளியில் சொல்லுங்கள், ஆனால் கட்டொழுங்கு அறைக்குப் போகுமுன் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அவனிடம் பேசிவிட்டு, அவனுக்குத் தெரிந்தே பாருங்கள். முதுகுக்குப் பின்னால் செய்தீர்கள் என்று தெரிந்தால் உங்களிடமும் வாயை மூடிக்கொள்வான்.

சுங்கை டுவா மருந்தாளர்:

"சிகரெட் அளவுக்கு மோசமில்லை" என்ற வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் கடைக்கு வருகிற பெற்றோர் எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

வேப்பில் தார் இல்லை, எரிவது இல்லை, உண்மை. நாற்பது வயதில் இரண்டு பெட்டி பிடிக்கிறவருக்கு அந்த ஒப்பீடு பயன்படலாம். சிகரெட்டையே தொடாத 15 வயதுப் பையனை எதோடு ஒப்பிடுவது? வெறும் காற்றோடுதான்.

பென்சில் பெட்டியில் கிடைத்த மாதிரிச் சாதனங்களில் நிக்கோட்டின் உப்பு வடிவில் இருக்கும். பழைய மாதிரி நிக்கோட்டின் அதிகமாக இருந்தால் தொண்டை எரியும், பையன் தானாகவே நிறுத்துவான். உப்பாக மாற்றினால் அந்த எரிச்சல் போய்விடுகிறது. பெட்டியில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். 10 மில்லிலிட்டர் பிடிக்கிற சாதனம் என்றால் 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேருவது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். வேப்பில் உள்ள அத்தனையும் உடம்பில் சேராது, ஆனாலும் அளவு புரியும். சிகரெட் எரிந்து முடிந்தால் கை சும்மா இருக்கும். இதற்கு முடிவே இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு இழுக்கலாம்.

மூளையில் முடிவெடுக்கிற, பொறுமை காக்கிற பகுதி 25 வயது வாக்கில்தான் முழுதாக முதிர்கிறது. அதற்கு முன் நிக்கோட்டின் பழகினால் கவனமும் மனநிலையும் அதைச் சார்ந்தே நிற்கப் பழகிவிடும். கணக்குப் பாடத்தின் நடுவில் பையன் காலை ஆட்டிக்கொண்டு கழிப்பறைக்கு அனுமதி கேட்பது பல நேரம் அடங்காமை அல்ல, நிக்கோட்டின் இறங்குவதுதான்.

நாடு இதில் கோட்டை விட்டதையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுநாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி வந்தது. சிறுவர்களுக்கு விற்கத் தடை போடும் சட்டம் நடப்புக்கு வர 2024 அக்டோபர் ஆனது. இடையில் ஒன்றரை ஆண்டு. அப்போது படிவம் ஒன்றில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது இந்த இழையில் நாம் பேசுகிற பிள்ளைகள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கடைசியாக ஒன்று. உள்ளே இருப்பது நிக்கோட்டின் மட்டும்தானா என்று பாருங்கள். பெட்டி இல்லாமல், பெயர் இல்லாமல், டெலிகிராமில் வாங்கியது என்றால் கவனம். செயற்கைக் கஞ்சாச் சேர்மங்கள் கலந்த திரவம் இங்கே பிடிபட்டிருக்கிறது. வழக்கமான கஞ்சாச் சிறுநீர்ச் சோதனையில் அது தெரியாமல் போகும். சிங்கப்பூரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தையே வேப்பில் கலக்கிறார்கள் என்று 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆளைத் தூங்கவைக்கிற மருந்து அது. பையன் நின்ற இடத்தில் உறைந்து நிற்பது, கை உதறுவது, வாய் குழறுவது, இதில் எதைப் பார்த்தாலும் கிளினிக் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

பாகான் டாலாம் தம்பி:

அக்கா, நான் படிச்சவன் இல்ல. ஆனா இந்த விஷயத்துல எனக்குத் தெரிஞ்சது இங்க யாருக்கும் தெரியாது. அதனால எழுதுறேன்.

எனக்கு 14 வயசுல கெத்தும் தண்ணி, போதை தர்ற இலையைக் கொதிக்க வெச்ச தண்ணி. எங்க பக்கம் அது சாதாரணம். பிளாஸ்டிக் பாக்கெட்ல ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டு விப்பாங்க, ஐஸ் போட்டு கோலா கலந்து, இருமல் மருந்து ஊத்தி குடிப்போம். இலைத் தண்ணிதானே, தாத்தா காலத்துல வயல் வேலைக்குப் போறவங்க குடிச்சதுதானேன்னு சொல்லுவாங்க. நச்சுப்பொருள் சட்டத்துல 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், 4 வருஷம் வரைக்கும் சிறைன்னு இருக்கறது பிடிபட்டப்பறம்தான் தெரியும். குடிக்காத அன்னைக்கு முட்டிக்கு முட்டி வலி, மூக்கு ஒழுகும், தூக்கம் வராது. 17 வயசுல சியாபு, மெத்தாம்ஃபெட்டமின்னு சொல்ற போதைப்பொருள். அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

இப்ப நான் சொல்ல வந்தது எங்கம்மாவைப் பத்தி. அவங்களுக்கு முதல் மாசமே தெரியும். அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாருன்னு ரெண்டு வருஷம் மறைச்சாங்க. கடன் கேட்டு ஆள் வந்தா தாலிக்கொடியைக் கழட்டி அடகு வெச்சு மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டாங்க. அப்பா கேட்டப்ப "கழுத்துல அரிக்குது"ன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் அக்கா. கேட்டுக்கிட்டே சாப்பிட்டேன். அம்மா என் மேல இருந்த பாசத்துலதான் மறைச்சாங்க. ஆனா அந்த ரெண்டு வருஷம் எனக்கு என்ன தெரிஞ்சுச்சுன்னா, என்ன செஞ்சாலும் அம்மா சமாளிப்பாங்கன்னு தெரிஞ்சுச்சு.

அடிச்சா திருந்துவான்னு செந்தூல் அண்ணன் சொன்னீங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சதும் அடிச்சாரு. நான் வீட்டை விட்டுப் போயிட்டேன். அப்பறம் அஞ்சு வருஷம் போச்சு. மறைச்சதும் உதவல, அடிச்சதும் உதவல.

எனக்கு உதவுனது தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்துல நானே போய் நின்னது. 1983ஆம் வருஷச் சட்டத்துல தானா வந்து சிகிச்சை கேக்க இடம் இருக்கு. 18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா கேக்கலாம். இது எங்கம்மாவுக்கு யாரும் சொல்லல. உங்க மகன் அந்த அளவுக்குப் போகல, போகவும் வேண்டாம். ஆனா தெரிஞ்சு வெச்சுக்குங்க.

கெப்போங் அப்பா:

பாகான் டாலாம் தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நன்றாக இருங்கள்.

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் குடித்து வெறித்தவர்களாக இருந்தார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. மிரட்டும் சுவரொட்டியால் நடந்ததில்லை இது. பள்ளி முடிந்த நேரத்துக்கு விளையாட்டு, இசை என்று ஏற்பாடு செய்து குடும்பங்களுக்குக் காசும் கொடுத்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்துப் பெற்றோரிடமே காட்டினார்கள். பெற்றோர்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள், என் பிள்ளையை மட்டுமல்ல, உன் பிள்ளையையும் நான் பார்த்துக்கொள்வேன் என்று.

இங்கே மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி விடுகிறது. அம்மா வீடு வர ஏழாகிறது. இடையில் ஐந்தரை மணி நேரம். என் அடுக்குமாடியில் நாலு அப்பாக்கள் சேர்ந்து வாரம் மூன்று நாள் சிலம்ப வகுப்பு நடத்துகிறோம். பெரிய சாதனை ஒன்றும் இல்லை, பதினோரு பிள்ளைகள்தான்.

படிவம் ஐந்து மாணவி:

நான் பெரியவங்க பேசுற இடத்துல எழுதலாமான்னு தெரியல. எங்கம்மா இதை வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதனால பார்த்தேன்.

ஆன்ட்டி, உங்க மகன்கிட்ட "எப்ப இருந்து?"ன்னு கேக்காதீங்க. அதுக்கு எல்லாருமே பொய்தான் சொல்லுவோம். "இல்லாம எவ்வளவு நேரம் இருக்க முடியுது?"ன்னு கேளுங்க. அதுக்குப் பொய் சொல்லத் தோணாது, ஏன்னா அதை நாங்களே யோசிச்சுப் பார்த்திருக்க மாட்டோம்.

என் தோழி போன வருஷம் ஆரம்பிச்சா. பசிக்காது, மெலியலாம்னு ஒருத்தி சொல்லித்தான். இப்ப பாடத்துக்கு நடுவுல எழுந்து போறா. பள்ளியில வந்து பேசுறவங்க கருத்துப்போன நுரையீரல் படம் காட்டிட்டுப் போறாங்க. அது சிகரெட் படம். "நாம இழுக்கறது இது இல்லையே"ன்னு பின்னால உக்காந்து நிம்மதி ஆகிடுறாங்க. அவ நிறுத்தணும்னுதான் நினைக்கிறா. யார்கிட்ட போறதுன்னு தெரியல. ஆலோசக அறைக்குள்ள போறதைப் பார்த்தாலே மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிஞ்சிடும்.

ஆலோசக ஆசிரியை:

மகளே, நீ எழுதியது நல்லது. உன் தோழிக்குச் சொல்: அரசு சுகாதார கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது, வேப்புக்கும் சேர்த்துத்தான். பேச ஆள் வேண்டும் என்றால் 15999 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், இரவிலும் எடுப்பார்கள். நுரையீரல் படம் பற்றி நீ சொன்னதை என் பள்ளியில் அப்படியே சொல்லப் போகிறேன். ஆலோசக அறை கதவு தாழ்வாரத்தைப் பார்த்து இருப்பதையும்.

செந்தூல்வாசி:

அடி விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தம்பி எழுதியதை வாசித்த பிறகு அதில் நிற்க முடியாது. ஆனால் விற்றவனை விடக்கூடாது என்பதில் மாற்றமில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கடையின் இடத்தைச் சொல்லிப் புகார் கொடுங்கள், மகன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஜொகூரும் கிளந்தானும் பல ஆண்டுகளுக்கு முன்பே வேப் விற்பனையை நிறுத்தின. திரெங்கானு 2025 ஆகஸ்டு 1இல் நிறுத்தியது. இன்னும் நிறுத்தாத மாநிலங்கள் எதற்குக் காத்திருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

பிறை அம்மா:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

புதன்கிழமை டியூஷனிலிருந்து திரும்பும்போது காரில் பேசினேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் சுலபமாக இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னபடியே கேட்டேன், "இல்லாம எவ்வளவு நேரம் இருக்க முடியுது?" என்று. ரொம்ப நேரம் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது, "காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி வேணும்மா" என்றான். எனக்குக் கை நடுங்கி, பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பள்ளியில் சாப்பிடக் கொடுக்கும் ஐந்து வெள்ளியைச் சேர்த்து வாங்கியிருக்கிறான். மூன்று மாதமாக மத்தியானம் சாப்பிடாமல் இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் தானே இன்னொன்றை எடுத்துக் கொடுத்தான், திரைச்சீலைக் கம்பிக் குழாயின் உள்ளே இருந்தது. "பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்றான்.

அப்பாவிடம் சொன்னேன், வியாழன் இரவு அவர் சாப்பிட்டு முடித்த பிறகு. அவர் அடிக்கவில்லை. தட்டைக்கூட எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் வயிறு வீங்கிக் கிடந்தது, தம்பியை அடையாளம் தெரியாமல் "சார், ஒரு வெள்ளி இருக்கா?" என்று கேட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது, எனக்கே இதைச் சொன்னதில்லை.

சுகாதார கிளினிக்குக்கு மூன்று பேருமாகப் போனோம். ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். மகன் ஊதினான், எண் ரொம்பக் குறைவாக வந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த அதிகாரி, "அம்மா, இது புகை எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடைத்தான் பார்க்கும், வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் இது குறைவாகக் காட்டியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு அதே கேள்வி: எழுந்து எத்தனை நிமிஷத்தில் வேண்டும்? முதல் மூன்று நாள் ரொம்பக் கஷ்டமாக இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும் என்றார்கள்.

மூன்றாம் நாள் தம்பியின் பென்சிலை உடைத்தான், கதவை அறைந்தான், பிறகு குளியலறையில் அழுதான். ஐந்தாம் நாள் பள்ளியில் யாரோ கொடுத்து மறுபடி இழுத்துவிட்டான். அவனே வந்து சொன்னான்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியரைப் பார்த்தேன். அவனும் கூட வந்தான். விற்றவரைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டேன் அண்ணா. இன்னும் பதில் வரவில்லை.

இப்போது பள்ளி விடுமுறை. நேற்று இரவு அப்பா அவனை லாரியில் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாப்பா ஓய்விடத்திலிருந்து இரண்டு மணிக்குக் கூப்பிட்டான். தலை வலிக்கிறது என்றான். "தூங்குப்பா" என்றேன். "எங்கம்மா தூங்க விடுறாரு, பேசிக்கிட்டே வர்றாரு" என்றான்.